எல்லாருக்கும் எல்லாம் இருக்காம்

"அங்க எல்லாருக்கும் எல்லாம் இருக்காம். பிரச்சினையே வராது."

2024 ஆவணியில் எங்கட வீட்டு விறாந்தையில் இருந்து, கையில் ஃபோனோடு மாமா சொன்ன வசனம் இது. இதை நம்பித்தான் நாங்கள் பதினொரு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொழும்பில் ஒரு ஹோட்டலுக்கு பஃபே சாப்பிடப் போனோம். திரும்பி வரும்போது மூன்று பேர் பசியோடு வந்தார்கள். ஒருவர் அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டு வயிறு ஊதி வந்தார். ஒருவர் வாகனத்தில் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. காசு கொடுத்தவர் மட்டும் "நல்ல சாப்பாடு, என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தார்.

குடும்பத்தில் ஆளுக்கொரு ருசி என்றால் பஃபேக்குப் போ என்று புத்தி சொல்லாத ஆள் இல்லை. நீங்களும் கேட்டிருப்பீர்கள், சில நேரம் சொல்லியும் இருப்பீர்கள். இந்தப் புத்திமதி பிழை என்பதுதான் எங்கட வாதம். பஃபே ஒரு குடும்பத்தின் வேறுபாடுகளைத் தீர்த்து வைப்பதில்லை. அவற்றை அந்தப் பளபளக்கிற மூடிகளுக்குக் கீழே மூடி வைக்கிறது. மூடியதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று காசும் வாங்குகிறது.

அண்டைக்கு மேசையில் யார் யார் இருந்தார்கள் என்று சொன்னால்தான் விளங்கும். அம்மம்மா பிறவிச் சைவம், முட்டையும் தொடமாட்டா. அம்மா மற்ற நாளில் மீன், இறைச்சி எல்லாம் சாப்பிடுவா, ஆனால் நல்லூரில் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் வீட்டில் மச்சம் இல்லை. மச்சச் சட்டிகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டுவிடும். திருவிழா அப்போது முடியவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்குவதால் மாமா குடும்பம் ரொறன்ரோ திரும்ப வேண்டியிருந்தது, நாங்கள் எல்லாரும் வழியனுப்பக் கொழும்புக்கு வந்திருந்தோம். மாமாவின் மூத்தவனுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு கிழமை மரக்கறியைத் தின்று கண் உள்ளுக்குப் போய்விட்டது என்று அவனே சொல்லிக்கொண்டு திரிந்தான். சின்னவளுக்கு ஆறு, நூடில்ஸும் சோஸும் தவிர எதுவும் இறங்காது. அப்பாவுக்குச் சீனி வருத்தம். அண்ணி முஸ்லிம். அவவின் தாய் தகப்பன் 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்குப் போன குடும்பங்களில் ஒன்று. மாமி எதைக் கொடுத்தாலும் கொஞ்சம் கொறிப்பா. அண்ணா எதையும் சாப்பிடுவார். நாங்கள் இரண்டு பேரும் கம்பஸ் பிள்ளைகள். கன்ரீன் சோற்றுப் பார்சலுக்குப் பிறகு எங்களுக்கு எல்லாமே அமிர்தம்.

இப்ப சொல்லுங்கோ, இதில் எது "ருசி"? சின்னவளின் நூடில்ஸ் ருசி. மூத்தவனின் இறைச்சி ஆசை ருசி. அம்மம்மாவுடையது எண்பது வருச ஒழுக்கம். அம்மாவுடையது விரதம். அப்பாவுடையது வருத்தம். அண்ணியுடையது மார்க்கம். இதெல்லாவற்றையும் ஒரே சாக்குக்குள் போட்டு "ருசி வேறுபாடு" என்று பெயர் வைத்த உடனேயே விசயம் சின்னதாகிவிடுகிறது. ருசி என்றால் விட்டுக்கொடுக்கலாம்தானே, ஒரு நாளைக்குத்தானே என்று ஆகிவிடும். யார் விட்டுக்கொடுப்பது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை, விடை எல்லாருக்கும் தெரியும் என்பதால்.

ஹோட்டலைத் தேடின விதத்தையும் சொல்ல வேணும். மாமா கூகிளில் நட்சத்திரம் பார்த்தார். அண்ணா படங்களைப் பார்த்தார். நாங்கள் எங்கட பட்ச் குறூப்பில் கேட்டோம். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதியிருந்தது: இத்தனை வகை, அத்தனை வகை, வெட்டி வைத்த பழத்தில் அன்னம், இறால் மலை. "மரக்கறிச் சாப்பாட்டில் மாசி போடுவார்களா" என்று ஒருவரும் எழுதியிருக்கவில்லை. எழுதியவர்களுக்கு அது பிரச்சினையாக இருந்திருக்காது. நட்சத்திரம் போடுகிறவர் தன்னுடைய வயிற்றுக்குத்தான் போடுகிறார், பதினொரு வயிற்றுக்குப் போடுவதில்லை. வகைகளின் எண்ணிக்கையைப் பார்த்து நாங்களும்தான் மயங்கினோம், மாமாவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

உள்ளே போய் எண்ணிப் பார்த்தால் வகைகள் உண்மைதான். ஆனால் கோழி மட்டும் ஆறு விதமாக இருந்தது. மரக்கறிப் பக்கம் பருப்பு, போஞ்சி, கத்தரிக்காய் மோஜு, உருளைக்கிழங்கு டெவில், ஒரு கீரை மல்லுங், தேங்காய்ச் சம்பல். ஆறு சாமான் இருக்கே, போதாதா என்பீர்கள். தென்பகுதிச் சமையலில் மாசிக்கருவாடு எங்கட உப்பு மாதிரி. சம்பலில் இடிப்பார்கள், மல்லுங்கில் தூவுவார்கள், உருளைக்கிழங்கு வதக்கலிலும் போடுவார்கள். அதைக் குறை சொல்லவில்லை, அந்த ருசி எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் அதை "மரக்கறி" என்று எழுதி அம்மம்மாவுக்கு முன்னால் வைக்கக்கூடாது. எங்கட உடைந்த சிங்களத்தில் பரிமாறுகிற தம்பியிடம் "உம்பலகட இருக்கா" என்று கேட்டோம். அவர் நல்ல பிள்ளை, குசினிக்குள் ஓடிப்போய்க் கேட்டு வந்தார். வந்து சிரித்துக்கொண்டு சொன்னார்: "கொஞ்சம்தான்."

அந்தக் "கொஞ்சம்தான்" எல்லாத் தட்டிலும் இருந்தது. வெள்ளைச் சோற்றுக்குப் பக்கத்தில் இருந்த ஃபிரைட் ரைஸில் முட்டை கொஞ்சம்தான். சலாட்டில் மயோனைஸ், அதிலும் முட்டை. சூப் மரக்கறி சூப்தான், ஆனால் கோழிக் கட்டி போட்டுக் கொதிக்க வைத்தது. வட்டிலப்பம் என்று ஆசையாய்ப் போனால் அதன் உடம்பே முட்டை. அம்மம்மாவின் தட்டில் கடைசியாக இருந்தது வெள்ளைச் சோறு, பருப்பு, அப்பளம், ஒரு துண்டு அன்னாசி. அந்தப் பருப்பையும் அவ பயந்து பயந்துதான் சாப்பிட்டா, ஏனென்றால் அதுக்குப் பக்கத்துச் சட்டி நண்டு. இரண்டுக்கும் ஒரே கரண்டி போய் வந்ததை அவ கண்ணாலே பார்த்துவிட்டா. இரண்டாம் தரம் எழும்பவில்லை.

அண்ணியின் கதை இதைவிடச் சிக்கல். கோழி ஹலாலா என்று கேட்டால் ஓம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் குளிர்ச் சாப்பாட்டு மேசையில் பன்றி ஹாமும் சலாட்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே இடுக்கி. மூஸ் மாதிரி ஆடிக்கொண்டிருந்த இனிப்பில் ஜெலற்றின் எதிலிருந்து வந்தது என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியாது. அண்ணி ஒரு தரம் கேட்டா, இரண்டாம் தரம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நாங்கள் பிறகு கேட்டதற்கு, "சனம் திரும்பிப் பார்க்குது" என்றா. அது வெறும் கூச்சம் இல்லை. 2013 இல் பொது பல சேனா ஹலால் சின்னத்துக்கு எதிராக நாடு முழுக்கப் பிரசாரம் செய்து, கடைசியில் ஜம்இய்யத்துல் உலமா சபை அந்தச் சான்றிதழ் வேலையில் இருந்தே விலக வேண்டி வந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு முஸ்லிம் பெண் பொது இடத்தில் நின்று "இது என்ன இறைச்சி" என்று கேட்பது எவ்வளவு பாரம் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. எங்கட சொந்த வீட்டு மேசையிலும் அவ அதைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறா. பதினொரு பேரில் ஒருவரும் அவவுக்காக எழும்பிப்போய்க் கேட்கவில்லை. மீனும் சோறும் பழமும் சாப்பிட்டு "நல்லா இருந்தது மாமா" என்றா. வாகனத்தில் கதைக்காமல் வந்த ஆள் அவதான்.

இந்த இடத்தில் ஹோட்டல்காரரை விட எங்களில்தான் எங்களுக்குக் கோபம்.

பிறகு அம்மா. பஃபேயில் எல்லாரும் தாங்களே எடுத்துச் சாப்பிடலாம், அதனால் வீட்டுப் பெண்களுக்கு அண்டைக்கு ஓய்வு என்று ஒரு கதை உண்டு. அம்மாவின் ஓய்வை நாங்கள் எண்ணினோம். அம்மம்மாவால் வரிசையில் நிற்க முடியாது, அவவுக்கு ஒரு தரம். சின்னவளுக்கு நூடில்ஸ், அதில் கரட் இருந்ததால் கரட் இல்லாத நூடில்ஸுக்கு இன்னொரு தரம். அப்பா கதிரையை விட்டு எழும்பாமல் "அந்தக் கணவாயில கொஞ்சம்" என்றார். மாமாவுக்குத் தண்ணி. எட்டுத் தரம் எழும்பி இருந்தா. வீட்டில் என்றால் குசினிக்கும் மேசைக்கும் இடையில் பத்தடி. இங்கே மண்டபத்தின் இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை. அவ தனக்கு எடுத்து வந்து இருந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது, மாமா பில்லைக் கேட்டுக்கொண்டிருந்தார். கம்பஸில் பெண்ணியம் படித்து அசைன்மென்ட் எழுதுகிற நாங்கள் இரண்டு பேரும் அந்த நேரம் இறால் வரிசையில் நின்றோம். இதை மறைக்க விருப்பமில்லை.

அப்பாவுடையது நேர்எதிர்ப் பிரச்சினை. அவருக்கு அங்கே இல்லாதது ஒன்றும் இல்லை, இருந்தது கூடிப்போச்சு. "காசு குடுத்தாச்சு" என்பது பஃபேயின் மூல மந்திரம். காசு உள்ளே போகும்போதே முடிவாகிவிடுவதால், குறையச் சாப்பிட்டவர் நட்டப்பட்டவர். சீனி வருத்தக்காரரை இனிப்பு மேசைக்கு முன்னால் விட்டு இந்த மந்திரத்தையும் காதில் ஓதினால் என்ன நடக்கும்? மூன்று தரம் புடிங். இரவு மீற்றரில் 300 ஐத் தாண்டி நின்றது.

இனிக் காசைப் பற்றிக் கதைப்போம், மாமாவுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. விலை 4,500 என்று போட்டிருந்தது. பக்கத்தில் இரண்டு கூட்டல் அடையாளம், எறும்பு அளவில். அந்தக் கூட்டல்கள் என்ன? ஒன்று 10 வீதச் சேவைக் கட்டணம். மற்றது வரி. வற் வரி 2024 தையில் இருந்து 18 வீதம். 4,500 இல் பத்து வீதம் சேர்த்தால் 4,950, அதன் மேல் பதினெட்டு வீதம் போட்டால் 5,841. பன்னிரண்டு வயதுக்குக் கீழ் அரை விலை. எங்களில் அதற்குள் வந்தது சின்னவள் மட்டும். ஆக மொத்தம் 61,330 ரூபாய். அம்மம்மாவின் சோறு, பருப்பு, அப்பளம், அன்னாசித் துண்டு 5,841 ரூபாய். அப்போது எங்கட மகாபொலக் காசு மாதத்துக்கு 5,000. அம்மம்மாவிடம் நாங்கள் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் அப்பளத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருப்பா.

ஆறு வயதுப் பிள்ளை குறையச் சாப்பிடும் என்று ஹோட்டல்காரருக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் அரை விலை. எண்பது வயதுக் கிழவி குறையச் சாப்பிடுவா என்பது மட்டும் எப்படித் தெரியாமல் போனது? இறாலும் நண்டும் கணவாயும் தொடாத ஆளிடம் அவற்றின் விலையை ஏன் அறவிட வேண்டும்? பஃபேயின் கணக்கே இதுதான்: பருப்புச் சாப்பிடுகிறவர் இறால் சாப்பிடுகிறவருக்குக் காசு கட்டுகிறார். ஆட்கள் வெவ்வேறு விதமாகச் சாப்பிடுவதில்தான் அவர்களுக்கு இலாபம். அதையே எங்களிடம் "உங்கள் எல்லாருக்குமான வசதி" என்று விற்கிறார்கள்.

வரிசையை அடுக்கியிருந்த முறையையும் கவனித்தோம். முதலில் பாண், சூப், சலாட், பிறகு மூன்று வகைச் சோறு. தட்டு நிறைந்த பிறகுதான் மச்சம். ஆகக் கடைசியில், தொப்பி போட்ட ஒருவர் காவல் நிற்கிற மாதிரி, இறால். அவர் ஆளுக்கு நான்கு எண்ணிப் போட்டார். வேண்டிய அளவு சாப்பிடலாம் என்பதற்கு அந்தத் தொப்பிதான் எல்லை.

இது குடும்பங்களுக்காகக் கண்டுபிடித்த முறையே இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறோம். 1940களில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் எல் றாஞ்சோ வேகாஸ் என்ற ஹோட்டல் ஒரு டொலருக்கு வயிறு நிறையச் சாப்பாடு என்று தொடங்கியது. சூதாடுகிறவர்கள் பசி என்று வெளியே போய்விடக்கூடாது என்பதுதான் நோக்கம். ஜப்பானில் இன்றைக்கும் பஃபேக்கு "வைக்கிங்" என்று பெயர். ரோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் 1958 இல் ஸ்கண்டிநேவிய முறையைப் பார்த்துத் தொடங்கிய உணவகத்துக்கு வைத்த பெயர் அது, பிறகு முறைக்கே பெயராகிவிட்டது. கடல்கொள்ளைக்காரரின் பெயர். எங்கட மூத்தவன் ஐஸ்கிறீம் மேசைக்குப் போன வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

இவ்வளவும் எழுதி எங்கட வட்டத்தில் வாசித்தபோது இரண்டு மறுப்புகள் வந்தன. முதலாவது: இது காசுக்காரரின் கவலை, 2022 இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்டில் இறாலைப் பற்றி என்ன கதை? ஒத்துக்கொள்கிறோம், பாதி. வருசத்தில் ஒரு நாள், வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவர் காசு கட்டுகிறபோதுதான் எங்கட வீடு இப்படியான இடத்துக்குப் போகிறது. அதனால்தான் இது எங்களுக்குப் பெரிய விசயம். அந்த ஒரு நாளிலும் காசு கட்டியவர் நட்சத்திரம் பார்த்துத் தெரிவுசெய்ய, மற்ற எல்லாரும் நன்றியோடு தலையாட்டினோம். கொடுக்கிறவரிடம் குறை சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நாங்கள். மாமா கெட்டவர் இல்லை. பனிக்குள் இரண்டு வேலை செய்து சேர்த்த காசு அது. அதனாலேயே அந்தக் காசில் அம்மம்மா பசியோடு எழும்பியது எங்களுக்கு வலிக்கிறது.

இரண்டாவது மறுப்பு எங்கட நண்பன் ஒருவனுடையது: "அப்ப பழையபடி பந்திதான் திறம். இருக்க வைச்சு, இலை போட்டு, பார்த்துப் பார்த்துப் பரிமாறுறது. எங்கட பண்பாடு." கேட்க நல்லாத்தான் இருக்கு. அம்மம்மாவுக்கும் அது வாய்க்கும், யாரோ ஒருவர் குனிந்து "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ" என்று கேட்பார். ஆனால் பந்திக்கு ஒரு கதை இருக்கிறது, அதை மறந்துவிட்டுப் பண்பாடு கதைக்க முடியாது. யார் முதல் பந்தி, யார் கடைசிப் பந்தி, யாருக்குப் பந்தியே இல்லாமல் பின்பக்கத்தில் வைத்துக் கொடுப்பது என்பதெல்லாம் சாதி பார்த்துத்தான் நடந்தது. யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் ஊற்றிக் கொடுத்த காலம் எங்கட அம்மம்மாவின் ஞாபகத்துக்குள் இருக்கிற காலம். 1957 இன் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும், 1950களின் கடைசியில் சிறுபான்மைத் தமிழர் மகாசபை தேநீர்க்கடைப் பிரவேசம் என்று ஒரு போராட்டமே நடத்தித்தான் கதிரையில் இருந்து கிளாசில் குடிக்கிற உரிமை வந்தது.

ஆகவே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேணும். பஃபே வரிசையில் யாரும் "தம்பி எந்த ஊர்?" என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியின் அர்த்தம் உங்களுக்குத் தெரியும். ஒரே கரண்டியை எல்லாரும் பிடிக்கிறார்கள், ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடருகிறார். அந்தக் கரண்டி அம்மம்மாவுக்கு நண்டு பட்ட கரண்டி. இன்னொரு வீட்டுப் பெரியவருக்கு, தன் வாழ்நாளில் யாரும் தட்டிப் பறிக்காத முதல் பொதுக் கரண்டியாக இருக்கலாம். அம்மம்மாவின் அருவருப்பில் எவ்வளவு நண்டு, எவ்வளவு பழைய தீட்டு என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவவைக் கேட்கவும் இல்லை. நாங்கள் பொதுக் கரண்டிக்கு எதிரானவர்கள் அல்ல. நண்டுச் சட்டிக்கு ஒரு கரண்டி, பருப்புச் சட்டிக்கு ஒரு கரண்டி, இரண்டையும் எல்லாரும் பிடிக்கலாம். கேட்பது அவ்வளவுதான். ஆனால் சாதி கேட்காத அந்த வரிசை 5,841 ரூபாய் கேட்கிறது என்பதையும், அதைக் கட்ட முடியாதவர்களில் அதிகம் பேர் யார் என்பதையும் நண்பன் கொஞ்சம் யோசிக்கட்டும்.

அப்ப எங்கே போகிறது? எங்கட அனுபவத்தில், வகை கூடின இடத்தைத் தேடுவது பிழையான தேடல். வீட்டில் ஆகக் குறையச் சாப்பிடக்கூடிய ஆளைப் பிடித்து, அவருக்குச் சாப்பிட என்ன இருக்கும் என்று முதலில் கேட்க வேண்டும். மற்றவர்கள் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார்கள். எங்கட வீட்டில் என்றால் அம்மம்மாவும் அண்ணியும். ஹோட்டலுக்கு முதல்நாளே ஃபோன் எடுத்துக் கேட்க வேண்டும்: மாசி போடாத சம்பல் இருக்கா, சைவத்துக்கு வேறு மேசையா இல்லை அதே மேசையின் ஓரமா, இறைச்சி எங்கே வாங்குகிறீர்கள், வரி எல்லாம் சேர்த்து என்ன விலை, பஃபே எடுக்காமல் ஒரு தட்டு மட்டும் வாங்கலாமா. கேட்கிற வேலையை அண்ணியிடம் விடக்கூடாது, அண்ணா கேட்கவேணும். பதில் சொல்லத் தெரியாத இடத்துக்குப் போகாதீர்கள். சட்டிக்கு முன்னால் இருக்கிற அட்டையில் பெயரோடு உள்ளே என்ன போட்டது என்று மூன்று மொழியிலும் எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்? அன்னம் செதுக்கின பழத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

வெள்ளவத்தையில் ஒரு சைவக்கடையில் அம்மம்மாவும் அம்மாவும் தோசை சாப்பிட, பக்கத்துக் கடையில் பிள்ளைகள் கொத்து அடிக்க, பிறகு எல்லாரும் கடற்கரையில் சந்தித்து ஐஸ்கிறீம் குடித்திருக்கலாம். "குடும்பமாய் வந்து தனித்தனியாய்ச் சாப்பிடுறதோ?" என்று மாமா கேட்டிருப்பார். ஒரே மேசையில் இருந்துகொண்டு தனித்தனியாய்ப் பசித்திருந்தோமே, அதை என்ன என்று சொல்வது.

வாற ஆவணிக்கு மாமா திரும்ப வாறார். போன கிழமை குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் ஒரு புது இடத்தின் லிங்க் போட்டார், அறுபது வகையாம். நாங்கள் மேலே சொன்ன கேள்விகளை அதற்குக் கீழே எழுதிப் போட்டோம். அண்ணி ஒரு பெருவிரலைத் தூக்கிக் காட்டினா. மாமா ஒரு நாள் முழுக்கப் பதில் போடவில்லை, பிறகு "கேட்டுப் பாருங்கோ" என்றார். அம்மா ஒரே ஒரு வரி போட்டா: "நான் இந்த முறை எழும்ப மாட்டன்." அப்பா அதுக்கு ஒரு சிரிப்புப் படம் போட்டார். அம்மா திரும்பச் சிரிக்கவில்லை.

ஃபோன் எடுத்தோம். மனேஜர், மாசி இல்லாத சம்பல் முதல்நாள் சொன்னால் செய்து தரலாம், கரண்டியும் வேறாக வைக்கலாம் என்றார். வயது போனவர்களுக்கு விலை குறைக்கலாமா என்றதற்கு முதலாளியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஐந்து நாளாச்சு, இன்னும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை அண்ணா திரும்ப எடுப்பார்.